நாற்பது லிட்டரில் ஒரு விரல் குறைவு

ஜூன் 2, திங்கள்

பத்தொன்பது வருடம் புத்தகம் அடுக்கிய கையால் இன்று தவளை துடைத்தேன். துடைத்தது ஜாடியைத்தான். ஆனாலும் உள்ளே இருப்பது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரி நூலகத்தில் ஆள் அதிகமாம், விலங்கியல் மியூசியத்தில் ஆளே இல்லையாம். அங்கிருந்த காப்பாளர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே என்னைத் தூக்கி அங்கே போட்டுவிட்டார்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாடி. எல்லாம் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கும் மீன், பல்லி, வௌவால், பாம்பு. பாம்பு அலமாரி இருக்கும் பக்கம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன்.

வந்த அன்றே, திரும்ப நூலகத்துக்கு மாற்றக் கேட்டு மனு எழுதிவிட்டேன். துறைத்தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்க. இருபதாம் தேதி கமிட்டி வருது. எட்டுக்கை கெட்டுப்போச்சுன்னு அவங்க எழுதிட்டா மியூசியத்தை மூடி வகுப்பறை ஆக்கிடுவாங்க. நீங்க தானாவே லைப்ரரிக்குப் போயிடலாம்."

எட்டுக்கை என்பது ஆக்டோபஸ். அறையின் நடுவில், கயிறு கட்டிய வேலிக்குள், நாற்பது லிட்டர் ஜாடியில் தொங்குகிறார். வெளியிலிருந்து வருகிறவர்கள் அவரைத்தான் பார்க்க வருகிறார்கள். முதலாண்டுப் பிள்ளைகள் முதல் நாளே அவர் முன்னால் நின்று தங்கள் பெயரைச் சொல்ல வேண்டுமாம். சொல்லாதவர்களுக்குப் பரீட்சையில் அவர் உதவ மாட்டாராம். பெரிய மனுஷர்தான்.

ஆக, எட்டுக்கை அழுகினால் எனக்கு நூலகம். இதைவிடச் சுலபமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை மூக்கைச் சுருக்கினார். "ஏம்மா, எங்கயாவது நின்னு ஒரு கிளாஸ் போட்டுட்டு வர்றியா?" மாமியார் கேட்கிற கேள்வியா இது!

ஜூன் 4, புதன்

இன்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தேன்.

ஸ்பிரிட் குறைந்த சின்ன ஜாடிகளுக்கு ஊற்றக் கலவை தயாரிக்க வேண்டும். சுவரில் பழைய காப்பாளர் அழகான கையெழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்: ஏழு பங்கு ஸ்பிரிட், மூன்று பங்கு தண்ணீர். லிட்டர் அளவையில் ஏழு அளந்து கேனில் ஊற்றினேன். மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். பத்து என்ற கோட்டைத் தொட வேண்டுமா இல்லையா? தொடவில்லை. ஒன்பதே முக்கால்.

கேனைத் தூக்கிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. தரையில் ஈரம் இல்லை. கொட்டிவிட்டு, முதலிலிருந்து விரல்விட்டு எண்ணி ஊற்றினேன். மறுபடியும் ஒன்பதே முக்கால். போதாக்குறைக்குக் கேன் வேறு இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. அடுப்பே இல்லாத அறையில்!

கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். அங்கே வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவரை எல்லோரும் கெமிஸ்ட்ரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் வயதுதான், ஆனாலும் அக்கா. கேட்டதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு இரண்டு அளவுக்குழாய் எடுத்தார். ஒன்றில் ஐம்பது மில்லி தண்ணீர், ஒன்றில் ஐம்பது மில்லி ஸ்பிரிட். ஒன்றாக ஊற்றி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். தொண்ணூற்றாறுக்குக் கொஞ்சம் மேலே.

"மீதி எங்கக்கா போச்சு?"

"எங்கயும் போகலை. எடை போட்டுப் பாரு, ஒரு துளி குறையாது. எடைக்குத்தான் கூட்டல் சரியா வரும். இதுங்க ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு இழுத்து நெருங்கி உக்காந்துக்கும். அதான் இடம் மிச்சம். நெருங்குறப்போ சூடு வரும். ஆறின பிறகு அள, இல்லேன்னா ஏமாந்துபோவே."

"எல்லாத் தண்ணியும் இப்படித்தானா?"

"சில ஜோடியைச் சேர்த்தா இடம் கூடவும் செய்யும். ஒண்ணை ஒண்ணு பிடிக்காதுங்க, தள்ளித் தள்ளி உக்காரும்."

எங்கள் வீட்டில் டிவி பார்க்கும்போது என் வீட்டுக்காரரும் அத்தையும் உட்காருகிற மாதிரி. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். பத்தொன்பது வருடத்தில் நூலகத்தில் யாரும் என்னை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை. சிரித்தால் நானேதான் 'உஷ்' சொல்ல வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

எட்டுக்கையைக் கிட்டத்தில் பார்த்தேன். தலை கெட்டியாக, பழுப்பாக, கம்பீரமாக இருக்கிறது. இடுப்புக்குக் கீழேதான் கோளாறு. கைகளின் நுனி வெளுத்து, ஊறிய பஞ்சு போல ஆகிவிட்டது. அடியில் வண்டல். மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் நெடிக்குப் பின்னால் வேறொரு வாடை மெல்ல வருகிறது.

ஸ்பிரிட்டின் பலம் போயிருக்குமோ என்று மிதவையை விட்டுப் பார்த்தேன். அது ஒரு கண்ணாடிக் குச்சி. பலமான ஸ்பிரிட் லேசாக இருக்கும், அதில் ஆழமாக முங்கும். தண்ணீர் சேரச் சேரக் கனம் கூடும், குச்சி மேலே எழும்பும். தண்டில் எண் இருக்கிறது, நூற்றுக்கு எத்தனை பங்கு ஸ்பிரிட் என்று. எண்பத்துநாலு! எழுபது இருந்தாலே போதும். பழைய காப்பாளரின் பதிவேட்டிலும் மூன்று வருடமாக எண்பத்துநாலு, எண்பத்தைந்து என்றுதான் இருக்கிறது, ஒருநாள் விடாமல்.

இத்தனை பலமான ஸ்பிரிட்டில் ஒருவர் எப்படி அழுகுவார்?

இன்னொரு விசித்திரம். கட்டிய நூல் அறுந்த எண் வில்லை ஒன்று -- சின்ன பிளாஸ்டிக் துண்டு -- ஜாடியின் நட்டநடுவில் அப்படியே நிற்கிறது. மிதக்கவும் இல்லை, முங்கவும் இல்லை. அதே உயரத்தில் எட்டுக்கையின் உருவம் லேசாக ஒடிந்து தெரிகிறது, பெல்ட் போட்ட மாதிரி. கண்ணாடி வார்த்தவன் செய்த கோளாறாக இருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் வில்லையை எட்டுக்கைதான் தாங்கிப் பிடித்திருக்கிறாராம்.

ஜூன் 7, சனி

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். பதிமூன்று நாள். பதிவேட்டில் எண்பத்துநாலு என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. நூலகம், மேல்மாடி ஜன்னல், நிம்மதி.

அப்புறம் எதுக்கு ராத்திரிச் சாப்பாட்டுல கூட அந்த வெளுத்த கைதான் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது? சை.

ஜூன் 8, ஞாயிறு

இவர் ஓட்டுவது பால் டேங்கர். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் என் புலம்பலைக் கொட்டினேன். பேப்பரை இறக்காமலே கேட்டார்: "மிதவையை எங்க விட்டுப் பாத்தே?"

"எங்க விடுவாங்க? மேலதான். ஜாடி வாய் வழியா."

"கலக்கிட்டு விட்டியா?"

"அதைத் தொடவே கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு."

இப்போது பேப்பர் இறங்கியது. "ஏம்மா, பால் பண்ணையில என் டேங்கர் போய் நின்னதும் முதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? மேல ஏறி நீளக் கம்பியால நல்லா இடிச்சுக் கலக்குவாங்க. அப்புறம்தான் சாம்பிள் எடுப்பாங்க. கலக்காம எடுத்தா மேல ஆடை மட்டும் வரும். அந்தப் பால்ல ஊர்ல இல்லாத கொழுப்பு இருக்கிற மாதிரி காட்டும்."

நான் கையில் இருந்த காய்கறியை அப்படியே வைத்துவிட்டேன். லேசானது மேலே. கனமானது கீழே. நடுவில் ஒரு வில்லை -- மேலே இருப்பதைவிடக் கனம், கீழே இருப்பதைவிட லேசு.

"என்னங்க, நீங்க கெட்டிக்காரர்ங்க!"

"இருபது வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சியே," என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

ரப்பர் குழாயை மெல்ல ஜாடியின் அடிவரை இறக்கி, கால் லிட்டர் உறிஞ்சி எடுத்தேன். மிதவையை விட்டால் கழுத்துவரை மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது.

முப்பத்தொன்று.

ஒரே ஜாடி. தலை எண்பத்துநாலில், கால் முப்பத்தொன்றில். மனுஷன் மூன்று வருடமாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

பழைய காப்பாளருக்குப் போன் செய்தேன். குற்றம் சொல்ல இல்லை, எப்படி ஆனது என்று கேட்க. பழைய மூடி விரிசல் விட்டு ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருந்ததாம். மூன்று வருடம் முன்பு மாதக்கணக்கில் ஸ்பிரிட் வரவே இல்லையாம்.

"காஞ்சுபோயிடக் கூடாதேன்னு தண்ணிய ஊத்தி வெச்சேம்மா. ஸ்பிரிட் வந்ததும் பாதியை எடுத்துட்டு, நல்ல பலமானதா மேல ஊத்தினேன். ஓரமா, மெதுவா, அவரு ஆடாம. கயிறுகூடக் கட்டினேன், யாரும் இடிச்சிடக் கூடாதுன்னு. எண்பதுக்குக் கீழ ஒருநாள்கூட இறங்கலையே?"

"அடியில முப்பத்தொண்ணுங்க."

"அப்போ மூணு வருஷமா நான் மேல மட்டும்தான் பாத்தேனா?"

"நீங்க அன்னைக்குத் தண்ணி ஊத்தலைன்னா அவரு அப்பவே போயிருப்பாருங்க," என்றேன். அது உண்மையும்கூட.

சாயங்காலம் மற்ற ஜாடிகளையும் மேலும் கீழும் அளந்தேன். பிள்ளைகள் வாரா வாரம் வகுப்புக்குத் தூக்கிப் போய், ஆட்டி, குலுக்கி, மேசையில் நங்கென்று வைக்கிற தவளை, மீன் எல்லாம் அடி முதல் நுனிவரை ஒரே எண். கயிறு கட்டிப் பொத்திப் பொத்தி வைத்த எட்டுக்கைக்குத்தான் இந்தக் கதி. என்ன அநியாயம்!

அப்படியே நூலகத்துக்குப் போய், பதப்படுத்துவது பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கைக்கே தெரிந்தது. ஜன்னல் பக்கம் வெயில் விழுந்திருந்தது. யாரும் பேசவில்லை. என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் அங்கே நின்றேன். பிறகு புத்தகத்தோடு இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கலக்கிவிட்டோம்!

கம்பி விட்டுக் கலக்கினால் பஞ்சுக் கைகள் பிய்ந்துவிடும். கெமிஸ்ட்ரி அக்காதான் வழி சொன்னார்: அடியிலிருந்து குழாயால் வாளியில் இறக்கி, அதையே மேலே ஊற்றுவது. கனமானது தானாகவே கீழே இறங்கும், போகிற வழியில் கலந்துகொள்ளும். தலைவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏதாவது ஆச்சுன்னா உங்க பொறுப்பு," என்றார். "சும்மா விட்டாலும் ஆகத்தான் போகுது சார்," என்றேன். இந்த வாய் எங்கிருந்து வந்தது எனக்கு?

முதல் வாளியை ஊற்றியதும் ஜாடிக்குள் இழை இழையாக ஓடியது, சர்க்கரை கரையும்போது தெரியுமே, அது மாதிரி. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது வாளி. பெல்ட் கலைந்தது. நடுவில் நின்ற வில்லை ஒரு தள்ளாட்டம் ஆடிவிட்டு, மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள்.

அடுத்த நிமிடம் எட்டுக்கையின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி. கைகளில் உள்ள ஒவ்வொரு உறிஞ்சிக் குழியிலும் ஒன்று. சோடா மாதிரி கிளம்பிக் கிளம்பி மேலே வந்தது. ஒரு பெண் பிள்ளை கத்தியே விட்டாள்: "மூச்சு விடுறாரு!" கைதட்டல் வேறு.

"கரைஞ்சிருந்த காத்துதான். புதுக் கலவையில அதுக்கு அவ்வளவு இடம் இல்லை, வெளிய வருது," என்று அக்கா சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் -- தலை வெளியே தெரிகிறது! விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு பள்ளம். ஐயோ ஒழுகுது, ஜாடி விரிசல் விட்டுடுச்சு, போச்சு, எல்லாம் போச்சு -- பீடத்தைச் சுற்றி மண்டியிட்டுத் தடவினேன். தலைவரும் குனிந்து தடவினார். துளி ஈரம் இல்லை. அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்பதே முக்கால்," என்றார்.

மண்டியிட்டபடியே நானும் சிரித்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து நெருங்கி உட்கார்ந்துவிட்டன. வாளிகள் காலி, தரை காய்ந்திருக்கிறது, ஆனால் நாற்பது லிட்டரில் ஏறக்குறைய நானூறு மில்லி இடம் மிச்சம். தலைவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு முன்னாடியே ஞாபகம் வரவில்லையே!

மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும் அளந்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு.

ஜூன் 12, வியாழன்

எழுபதுக்கு ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றக் கூடாதாம், புத்தகத்தில் இருக்கிறது: பலமான ஸ்பிரிட் சதையிலிருந்து தண்ணீரைச் சட்டென்று இழுத்துச் சுருக்கிவிடும். நாளுக்கு மூன்று லிட்டர் எடுத்து, மூன்று லிட்டர் நல்ல ஸ்பிரிட் ஊற்றி, கலக்கி, ஆறவிட்டு அளப்பது. இன்று அறுபத்தொன்று. மூன்றுக்கு மூன்று ஊற்றியும் இன்றும் துளி பள்ளம். இப்போது பள்ளம் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி, கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 13, வெள்ளி

அறுபத்துமூன்று. வாடை குறைந்திருக்கிறது. என் மேல் குறையவில்லை. அத்தை ஊதுபத்தியோடு என் பின்னாலேயே வருகிறார்.

ஜூன் 16, திங்கள்

அறுபத்தாறு. ஒரு கையின் நுனி, சுண்டுவிரல் நீளம், கழன்று அடியில் கிடந்தது. காலையில் பார்த்ததும் அழுதுவிட்டேன். யாரிடமும் சொல்லாதே மனமே, ஒரு ஆக்டோபஸுக்காக அழுதேன். பத்து நாள் முன்பு வந்திருந்தால்... பத்து நாள் முன்பு நான் வந்துதான் இருந்தேன். அதில் இரண்டு நாள் சும்மா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற ஏழும் தொட்டால் கெட்டியாகி வருகின்றன.

ஜூன் 18, புதன்

எழுபது. மேலே, நடுவில், கீழே. இவருக்குப் போன் செய்து சொன்னேன். டேங்கரை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார், "கலக்கிட்டுத்தானே பாத்தே?"

ஜூன் 20, வெள்ளி

கமிட்டி மூன்று பேர். இரண்டு பேர் பாம்பைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் போகவேண்டும் என்ற முகத்தோடு நின்றார்கள். மூன்றாவது, கண்ணாடி போட்ட அம்மா, எட்டுக்கையைச் சுற்றி வந்து ஒவ்வொரு கையாக எண்ணினார்.

"ஒரு கை நுனி இல்லையே?"

"ஆமாங்க. காப்பாத்த முடியலை. ஏழே முக்கால்தான் இருக்கு."

பதிவேட்டைத் திருப்பினார். "மூணு வருஷமா எண்பத்துநாலு. இப்போ எழுபது. குறைஞ்சில்ல இருக்கு?"

என் வாய் தானாகப் பேசியது. அந்த எண்பத்துநாலு மேலே மட்டும் அளந்தது என்றேன். குழாயை அடிவரை இறக்கி, அவர் கண் முன்னாலேயே எடுத்து மிதவையை விட்டேன். பிறகு நடுவிலிருந்து. பிறகு மேலிருந்து. மூன்று அளவுக்குழாய்களையும் வரிசையாக வைத்தேன். மூன்றிலும் மிதவை ஒரே உயரத்தில் நின்றது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இதை யார் கண்டுபிடிச்சாங்க?"

"பால் டேங்கர் ஓட்டுறவர் ஒருத்தர்," என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

முடிவு பிறகு வருமாம். வாசலில் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சும்மா இருந்திருந்தா இன்னைக்கே உங்களுக்கு லைப்ரரி கிடைச்சிருக்கும்." தெரியும் சார்.

ஜூன் 30, திங்கள்

மியூசியம் இருக்கிறது! கடிதம் வந்துவிட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டதில் வௌவால் ஜாடி ஆடியது. ஆடட்டும், நல்லதுதான்.

ஜூலை 3, வியாழன்

தலைவர் கூப்பிட்டார். என் பழைய மனுவை மேசையில் வைத்திருந்தார். நூலகத்தில் இடம் இன்னும் காலிதானாம், அவர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே போகலாமாம். கூடவே, போவதற்கு முன்னால் மியூசியத்துக்கு இந்த வருடம் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அங்கேயே நின்று எழுதினேன். ஸ்பிரிட் அறுபது லிட்டர். மிதவை இரண்டு. நீள ரப்பர் குழாய் ஒன்று. முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று.

"நாற்காலி யாருக்கு?" என்றார். "அந்தக் காப்பாளர் இத்தனை வருஷம் முக்காலியிலதானே உக்காந்தாரு. நீங்களும் ஒரு மாசமா அதுலதானே இருந்தீங்க?"

"ஒரு மாசம்தானேன்னு இருந்தேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மனுவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கை வைத்ததா, வைக்காததா என்று மட்டும் கேட்டார். வைத்தது என்று சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.